துணைக்கு ஓடியவன்

“அண்ணே, ஒரு நிமிசம். சப்பாத்து லேஸ் லூசாயிருச்சு.”

சிவநேசன் நின்றதும் விமலனும் நிற்க வேண்டியதாயிற்று. இருவரின் மணிக்கட்டையும் ஒரு துணி நாடா இணைத்திருந்தது.

லேக் கார்டன் மேட்டில் பாதிதான் ஏறியிருந்தார்கள். ஓட்டக் குழுவில் வந்த மற்றவர்கள் எப்போதோ தாண்டிப் போய்விட்டார்கள்.

“இன்னிக்கு மட்டும் இது நாலாவது தடவை, சிவா.” முட்டியில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டே விமலன் சலித்துக்கொண்டான்.

“சாரிண்ணே.” சிவநேசன் லேஸை அவிழ்த்து, தடவித் தடவி, ஆற அமரக் கட்டினான்.

சிவநேசனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மசாஜ் சென்டரில் வேலை பார்க்கிறான். விமலன் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்குக்கு சூப்பர்வைசர். டயாலிசிஸ் மையம் ஒன்றுக்கு நிதி திரட்ட அடுத்த மாதம் மாரத்தான். சிவநேசனுக்கு வழிகாட்டி ஓட ஆள் வேண்டுமென்று குழுவை நடத்தும் லோஜினி கேட்டபோது, முதலில் கைதூக்கியவன் விமலன்தான்.

அன்றே பேஸ்புக்கில் படமும் போட்டான். ‘இனி ஒருவருக்கு நான் கண்.’ முந்நூறு லைக் விழுந்தது.

ஆனால் ஓட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. லேஸ் முடிந்தால் தண்ணீர். தண்ணீர் முடிந்தால், “கொஞ்ச தூரம் நடப்போமாண்ணே?”

ஓட்டம் முடிந்து எல்லாரும் தோசைக்கடையில் உட்கார்ந்தார்கள்.

“என்ன விமலன், இன்னிக்கும் கடைசியா?” என்றார் ஒருவர்.

“தனியா ஓடுனா மாரத்தானை நாலரை மணி நேரத்துல முடிச்சிருவேன், பாஸ். என்ன செய்றது? சேவைன்னு வந்துட்டோம். டைமிங் பாக்க முடியுமா?”

பக்கத்து நாற்காலியில் இருந்த சிவநேசன் சிரித்தான். “ஆமா லா, என்னாலதான் அண்ணனுக்கு லேட்டு.”

அன்று மாலையே விமலன் லோஜினிக்கு போன் அடித்தான்.

“தப்பா நெனைக்காதம்மா. சிவாவுக்கு வேற ஆளைப் போட்டுரு. எனக்கு இது மொத மாரத்தான். நல்ல டைமிங்ல முடிக்கணும்னு ஆசையா இருக்கு.”

“சரி அண்ணா. நம்ம குழு கிஷனுக்குக் கால் வலி சரியாயிருச்சு. அடுத்த ஞாயிறு அவன் ஓடட்டும்.”

அடுத்த ஞாயிறு இருபத்து நாலு கிலோமீட்டர். கையில் நாடா இல்லை. கயிறு அவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி விமலன் பாய்ந்தான். முதல் மூன்று கிலோமீட்டர் அவன்தான் எல்லாருக்கும் முன்னால்.

மேடு வந்தது. பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம்.

“வலது பக்கமா போறோம்ணே!”

கிஷனின் குரல். விமலன் ஒதுங்கினான். நாடாவின் ஒரு பக்கம் கிஷன் வாயைப் பிளந்துகொண்டு ஓட, மறுபக்கம் சிவநேசன் நீள நீளமாய்க் காலெடுத்து வைத்து மேட்டை ஏறிப் போய்க்கொண்டே இருந்தான்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் விமலன் நடக்க ஆரம்பித்தான். பதினைந்தில் ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தே விட்டான். ஒருவழியாய் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, கிஷன் புல்லில் மல்லாந்து கிடந்தான்.

“அண்ணே, இந்த ஆளோட எப்படி இத்தன வாரம் ஓடுனீங்க? எனக்கு நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு!”

சிவநேசன் சாவகாசமாகக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தான்.

விமலன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“சிவா, எங்கூட ஓடுறப்ப மட்டும் ஏன் அப்படி நின்னு நின்னு வந்த?”

சிவநேசன் தயங்கினான். “உங்க மூச்சுச் சத்தம் மாறும்ணே. எனக்குக் காதுதானே எல்லாம். நிக்கலாமான்னு கேட்டா நீங்க வேணாம்பீங்க. அதான் நானா எதையாச்சும் சொல்லிருவேன்.”

விமலனுக்கு முகமெல்லாம் சூடேறியது.

“கடையில எல்லார் முன்னாடியும் ஒம்மேல பழியப் போட்டேனே. அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம்ல?”

“மெதுவா ஓடுறது நான்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீங்கன்னா கிண்டல் பண்ணுவாங்க லா.”

விமலன் அவன் தோளைப் பற்றினான். “போவட்டும். இனிமே கிஷனோட நீ நல்லா ஓடலாம்.”

“இல்லண்ணே. காலையிலயே லோஜினிகிட்ட சொல்லிட்டேன். மாரத்தான் அன்னிக்கு உங்ககூடத்தான்.”

“எங்கூடவா? ஒன் டைமிங் நாசமாப் போயிருமே!”

“எங்கிட்ட ஏற்கெனவே ஏழு மாரத்தான் மெடல் இருக்குண்ணே.”

விமலன் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வாரத்தில் ஒருதடவைகூட அவன் சிவநேசனிடம் அதைக் கேட்டதில்லை.

சிவநேசன் சிரித்தான். “உங்களுக்கு இதுதானே மொதல்?”