கீழ்வீட்டு ஒட்டடைக்கம்பு

பாடகன் தன் மாடி அறையில் கிடாரை எடுத்தால் போதும், கீழ்வீட்டுத் தையல்கார அக்கா ஒட்டடைக்கம்பால் சீலிங்கை டொம் டொம்மென்று இடிக்க ஆரம்பித்துவிடுவார்.

"பாட்டுன்னாலே ஆகாத ஜென்மம்!" என்று அவன் பல்லைக் கடிப்பான்.

ஒருநாள் அந்த இடி ஒலிப்பதிவிலும் விழுந்துவிட்டது. திரும்பப் பாடச் சோம்பல்பட்டு அப்படியே வெளியிட்டான். டொம் டொம்முக்காகவே பாட்டு பிய்த்துக்கொண்டு போனது.

அப்புறமென்ன, வெளிச்சத்தம் நுழையாத சொந்த ஸ்டுடியோ கட்டினான். பாடுவதும் அவனே, தயாரிப்பதும் அவனே. அடுத்த இரண்டு ஆல்பமும் வந்த சுவடே தெரியவில்லை.

கடைசியில் அதே பழைய மாடி அறையை மறுபடி வாடகைக்குப் பிடித்தான். தரையில் மைக்கை வைத்துவிட்டு, புதுப் பாட்டை ஒரு வாரம் தொண்டை கிழியப் பாடினான். கீழே தையல் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வெட்கத்தை விட்டு இறங்கிப் போனான்.

"அக்கா, என் பாட்டு இப்ப தொந்தரவா இல்லையா?"

"எப்பவுமே இருந்ததில்லையே தம்பி."

"அப்புறம் எதுக்கு இடிச்சீங்க?"

"ஆரம்பத்துலயே நீ தாளம் தப்பிடுவ. நாள் முழுக்க மிஷின் மிதிக்கிற காலு, பொறுக்குமா? அதான் எடுத்துக் கொடுத்தேன்."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப இப்ப என் தாளம் சரியாயிடுச்சா?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தாளமெல்லாம் சரிதான். பாட்டுதான் நல்லால்ல. அதுக்கு ஒட்டடைக்கம்பு என்ன பண்ணும், சொல்லு?"