பன்னிரண்டுக்கு இறங்கட்டும்

டொக், டொக்... டொக்.

உளியின் தலையில் கொட்டாப்புளி விழும் சத்தம். ஆவடியில் வீடு கட்டியபோது சரசா நாளெல்லாம் கேட்டது. அப்போது கணவர் இருந்தார். சின்னப் பிள்ளையாக இருந்த மகன் பிரசன்னா மரச்சீவல் சுருளைக் காதில் மாட்டிக்கொண்டு ஓடினான். தச்சு வேலை நடக்கிற வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும்.

இன்று நூம்பல் ஃபிளாட்டில், சனிக்கிழமை காலையில், அவள் ஈரத்துணியால் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆன்ட்டி பண்றீங்க?"

எதிர் வீட்டு வர்ஷா. உறைமோர் கேட்டு வந்தவள், வெளியூர் போய்விட்ட பிரசன்னாவின் காலி அறை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கிய வேப்பம்பலகைகள். மார்கழி மழையில் மதிலோரம் சாய்ந்த மரம். புத்தக அலமாரி செய்ய வேண்டும் என்று கேட்டு வாங்கி, கரையான்சாவடி மர மில்லில் அறுத்துக் கொண்டுவந்தவள் சரசாதான்.

"தூசி படிஞ்சிருந்தது."

"தூசியா? தண்ணி சொட்டுது ஆன்ட்டி! மரம் காயலைன்னுதானே அந்தக் கார்பெண்டர் வாராவாரம் வந்து மீட்டர் வெச்சுப் பார்க்கிறார்? நீங்களே நனைச்சா எப்படிக் காயும்?"

சரசா துணியை வாளியில் பிழிந்தாள்.

"காஞ்சுட்டா அலமாரி சீக்கிரம் முடிஞ்சுடும், வர்ஷா."

"முடியட்டுமே!"

"அப்புறம் சனிக்கிழமை யார் வருவா?"

வர்ஷாவின் முகம் இளகவில்லை. "வயசான மனுஷன் ஆன்ட்டி. குமணன்சாவடியிலேர்ந்து இந்த வெயில்ல ஷேர் ஆட்டோ பிடிச்சு வர்றார். அவர் பொழப்புல விளையாடுறீங்க. அடுத்த வாரம் நீங்க சொல்லலைன்னா நானே சொல்லிடுவேன்."

அவள் போனதுமே அழைப்புமணி அடித்தது.

"இன்னாம்மா, ஃபேன் போட்டு வெச்சியா? ஜன்னல தொறந்து வெச்சியா?" என்று கேட்டபடியே தச்சர் கஜபதி செருப்பைக் கழற்றினார்.

"எல்லாம் வெச்சேன். வாங்க."

சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்ன மீட்டர் டப்பாவை எடுத்தார். முனையில் இரண்டு ஊசிகள். இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பலகையில் குத்தினார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பத்தொம்போது. ஈரம் கீதும்மா. இப்பவே அலமாரி பண்ணா, காஞ்சப்புறம் சுருங்கும், முறுக்கிக்கும். கதவு சாத்தவே சாத்தாது. பன்னெண்டுக்கு எறங்கட்டும்."

"இறங்கட்டும், என்ன அவசரம்?"

"வேம்புக்குக் கசப்பு மட்டும் இல்லம்மா, பிடிவாதமும் ஜாஸ்தி. எங்க ஊட்டுக்காரி இருந்தாளே, அவள மாரி."

காபி வந்தது. "அரை டம்ளர் போதும்மா" என்று எப்போதும் போலச் சொல்லி, இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பூந்தமல்லியில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குத் தான் போட்ட கதவு, எந்தக் கதவில் யானை மூஞ்சி, யார் வீட்டு மாப்பிள்ளை அதில் தலையை இடித்துக்கொண்டான் என்று பேச்சு மதியம் வரை ஓடியது.

அந்த வாரம் முழுக்க சரசா துணியைத் தொடவில்லை. அக்னி நட்சத்திரம். திறந்த ஜன்னல் வழியாக அனல் வந்து பலகைகளைத் தடவிவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை தட்டிப் பார்த்தாள். பானையைத் தட்டினாற்போல 'ணங்'கென்றது. நாளையோடு சரி என்று நினைத்தபோது, சமைக்கவே தோன்றவில்லை.

சனிக்கிழமை வர்ஷா முன்னதாகவே வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டாள்.

கஜபதி பலகையில் ஊசியை அழுத்தினார். கண்ணருகே கொண்டுபோனார்.

சரசா தான் நனைத்ததைச் சொல்ல வாயெடுத்தாள்.

"இருவதும்மா! இன்னா மரம்டா இது! போன வாரத்துக்கு ஒண்ணு ஏறிக் கீது."

சரசா, நேற்று 'ணங்'கென்ற அந்தப் பலகையைப் பார்த்தாள்.

கஜபதி கை கழுவப் போனார். வர்ஷா எழுந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். பின்மூடியைத் தள்ளினாள். உள்ளே சிலந்தி நூல்தான் இருந்தது.

"ஆன்ட்டி, இதுல பேட்டரியே இல்ல!" குரலைத் தாழ்த்திச் சீறினாள். "உங்களை மிஞ்சின ஆளா இருக்கார். ஓசிக் காபிக்கு, இத்தனை மாசமா பொய் சொல்லிட்டு... வரட்டும், கேக்கறேன்."

சரசா அவள் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். மூடியை மெல்லத் தள்ளி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஒண்ணும் கேக்காத, கண்ணு."

கஜபதி துண்டில் கை துடைத்தபடி வந்தார். "இன்னாம்மா பண்லாம்?"

"இருபதுன்னா எப்படிக் கஜபதி உளி வைக்கிறது? பன்னிரண்டுக்கு இறங்கட்டும். அடுத்த சனிக்கிழமை வந்து பாருங்க."

"அத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர், முகமெல்லாம் தெளிந்து.

வர்ஷா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஐப்பசியில், அடைமழையில், இரண்டு சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை கஜபதியின் மகன் அஜித்குமார், தலை நனைந்து, வாசலில் நின்றான்.

"நூம்பல்ல அலமாரி வேலை, இந்த ஊடுதானாம்மா?"

கஜபதி தீபாவளிக்கு முந்தின வாரம் இறந்துபோனார். கைநடுக்கம் வந்து அவர் உளியைத் தொட்டே பல வருஷம் ஆகியிருந்தது. இந்த வருஷம் மட்டும் சனிக்கிழமைதோறும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, "வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாராம்.