பனங்கட்டிப் பேணி

“கையை நீட்டுங்கோ நானா” என்றாள் நாகேஸ்வரி. லொறிச் சாரதி ஆதம்பாவா நீட்டிய உள்ளங்கையில், தகரப் பேணிக்குள்ளிருந்து கறுப்பாய் ஒரு கட்டியை எடுத்து வைத்தாள். “இதைக் கடிச்சுக் கடிச்சுத் தேத்தண்ணியைக் குடியுங்கோ. வவுனியா போய்ச் சேருமட்டும் கண் மூடாது.”

மூலை வாங்கிலில் இருந்த தொந்திக்காரர் இதையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றைக் குறைக்கச் சொல்லி வீட்டில் மனுசி ஒற்றைக்காலில் நிற்கிறா என்று, வைத்த தோசையைத் தொடாமலே தள்ளிவிட்ட மனிதர் அவர்.

பரந்தன் சந்தியில் நாகேஸ்வரியின் தேத்தண்ணிக்கு அப்படியொரு பேர். அதைக் குடித்தவன் வண்டியைக் கொண்டுபோய் மரத்தில் முட்டமாட்டான் என்று சாரதிமார் கொழும்பு வரைக்கும் சொல்லித் திரிந்தார்கள். பேர் வந்தால் பின்னாலேயே வில்லங்கமும் வரும்.

ஆதம்பாவாவின் லொறி போனதும் மூலை வாங்கிலிலிருந்து வில்லங்கம் எழுந்து வந்தது. “நான் கதிர்காமநாதன். மருந்து இன்ஸ்பெக்டர், கொழும்பிலையிருந்து வாறன்.”

நித்திரையை விரட்டும் குளிசையை டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டு இல்லாமல் இனி ஒருவரும் விற்கவோ, கொடுக்கவோ, வைத்திருக்கவோ கூடாதாம். புதுச் சட்டம். மருந்தின் பெயர் ஒரு முழ நீளம். அதைத் தடக்குப்படாமல் சொன்னார். அந்த மருந்தைத் தான் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

“ஐயோ, அது பனங்கட்டி ஐயா. எங்கடை ஆக்கள் சீனி கலந்து குடிக்காயினம். கையிலை வைச்சுக் கடிச்சுத்தான் குடிக்கிறவை.”

கதிர்காமநாதன் கொழும்பில் பிறந்து, பால்தேத்தண்ணியில் வளர்ந்தவர். “பனங்கட்டிக்குள்ளை என்ன கலந்திருக்கோ ஆருக்குத் தெரியும்? எனக்கும் ஒண்டு தாரும். குடிச்சே பாக்கிறன்.”

கடித்தார், குடித்தார். பாதிக் கோப்பையில் சட்டைப் பையைத் தடவி ஒரு குளிசையை எடுத்து, அந்தத் தேத்தண்ணியாலேயே விழுங்கினார். “வயிறு வத்துறதுக்கெண்டு மனுசி ஆரோ சிநேகிதியிட்டை வாங்கித் தந்துவிட்டவ. இண்டைக்குத்தான் தொடக்கம்” என்றார். நாகேஸ்வரிக்கு அதில் கவனமில்லை. தேத்தண்ணி பிடித்ததோ இல்லையோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் சிவந்த கண்ணோடு வந்தார். கூடவே டிஸ்பென்சரி அப்போதிக்கரி அப்புத்துரையையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

“விடிய விடிய நித்திரை இல்லை. நெஞ்சு படபடக்குது, நாக்கு வறளுது, பசியும் இல்லை. றெஸ்ற் ஹவுஸ் காவல்காரனுக்குச் சட்டம் முழுக்கச் சொல்லிக் குடுத்தன். அவன் கும்பிட்டுப்போட்டு ஓடிட்டான். இதுக்கு மேலை என்ன சாட்சி? நானே சாட்சி.” மூச்சு விடாமல் இவ்வளவும் சொன்னார்.

சொல்லிக்கொண்டே பனங்கட்டிப் பேணிக்கு அரக்கு வைத்து முத்திரை குத்தினார். தேயிலைப் பெட்டிக்கும் குத்தினார். கேத்தில் கையைச் சுட்டபடியால் அதை விட்டுவிட்டார்.

 புருசன் கண்ணை மூடியபிறகு நாகேஸ்வரிக்கும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது இந்தக் கொட்டில்தான். இதைப் பூட்டினால் ஆர் வீட்டுக் குசினியில் போய் நிற்பது?

“பிள்ளையாராணை ஐயா, இஞ்சியும் பனங்கட்டியும்தான். இந்தப் பேணியிலையிருந்துதான் என்ரை பிள்ளையளுக்கும் குடுக்கிறனான்” என்று அழுதாள்.

“பிள்ளையளுக்குமோ?” என்று கேட்டு, அதையும் குற்றத்தோடு சேர்த்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

அப்புத்துரை கிட்ட வந்தார். இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். கண் மடலைத் தூக்கினார், நாக்கை நீட்டச் சொன்னார். கடைசியில் பெருமூச்சு விட்டார்.

“ஓம். அந்த மருந்துதான். உடம்பிலை நல்லா ஏறியிருக்கு.”

“கேட்டீரோ?” இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. “கடை இண்டையோடை பூட்டு.”

நாகேஸ்வரி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். அப்புத்துரையின் வாயால் வந்த பிறகு அவளுக்கே பேணியின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. சந்தையில் பனங்கட்டி விற்ற கிழவியை மனதுக்குள் வைது தீர்த்தாள்.

வெற்றியில் இன்ஸ்பெக்டருக்கு நாக்கு இன்னும் வறண்டது. குடத்துத் தண்ணீரை மூக்குப்பேணியில் வார்த்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து அன்றைய குளிசையை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

அப்புத்துரை அந்தக் கையை எட்டிப் பிடித்தார். குளிசையை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஐயா, இதுக்கு டொக்டரின்ரை துண்டு வைச்சிருக்கிறீங்களோ?”