மூன்றாவது வயர்

மாத்தளை மின்சாமான் கடையில், றினோஸ் மலிவான மல்டி பிளக்கைக் கழற்றிக் காட்டுகிறார். ஓட்டைகள் மூன்று இருந்தும் உள்ளே வயர் இரண்டுதான். "இதுல எர்த் இல்ல தங்கச்சி, ஷாக்கத் தடுக்காது." தர்ஷிகாவின் விரல்நுனி கூசுகிறது. நேற்று அம்ப்ளிஃபயரைத் துடைத்தபோது அந்த விரலில்தான் சுள்ளென்று கரண்ட் அடித்தது. பாட்டுப் போட்டால் மகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் ஆடுவாள். மேசையில் கிடக்கும் விலை கூடிய, மூன்று வயர் மல்டி பிளக்கைத் தர்ஷிகா தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். சாய்வெயில் அதன் வெள்ளை முதுகில் வழுக்குகிறது. "இதையே தாங்க நானா" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்கிறாள். றினோஸ் பையை விரித்தபடி நிமிர்கிறார். "ஊட்டு சுவர் பிளக்குல எர்த் இருக்குதானே? இல்லாட்டி ரெண்டும் ஒண்ணுதான்." தேயிலைத் தோட்டத்தில் அவள் குடியிருக்கும் லயத்து அறையில் சுவர் பிளக்கே கிடையாது. பல்பு ஹோல்டரிலிருந்து அவள் கணவன் முறுக்கி இழுத்த இரண்டு வயரில்தான் அங்கே எல்லாமே ஓடுகின்றன. "இருக்கு நானா" என்கிறாள், கூசும் விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டே.