தமிழ் பேசாத பெண்

ஆக்னஸுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் படிப்புக்காக ஜெர்மனி போன மகள் ஜெனிட்டா, எப்போது பேசினாலும் "பாகுன்னா மம்மி" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். நல்லா இருக்கேன் என்கிற அந்தக் குரல் நன்றாக இல்லை.

"அவ போன் என்னாச்சு? ஏன் வீட்டுக்காரம்மா போன்லேர்ந்தே பேசறா?"

"ரிப்பேராம்" என்றார் கணவர் ஃபெலிக்ஸ். "நம்ம ஹைதராபாத் தெலுங்குக்காரங்க வீடாப் பாத்துத்தானே தங்க வச்சேன்? சும்மா அழாதே."

அப்போதே வீடியோ கால் வந்தது. ஜெனிட்டாவின் தோளில் கை போட்டபடி வீட்டுக்காரம்மா சிரித்தாள்.

"அம்மா, எப்படி இருக்கே?" என்றாள் ஜெனிட்டா.

ஆக்னஸ் போனை முகத்தருகே இழுத்தாள். ஹைதராபாத் சனத்நகரில் பிறந்து வளர்ந்த பெண். கெஞ்சினாலும் அதட்டினாலும் ஒரு வார்த்தை தமிழில் பதில் சொன்னதில்லை.

"தமிழா! பேசுடி என் தங்கமே!"

ஜெனிட்டா சிரித்த முகம் மாறாமல், ஓர் ஆங்கில வார்த்தைகூடக் கலக்காமல், தேடித் தேடிச் சொன்னாள்.

"அழாதே, சிரி. என்னை உள்ளே வச்சுப் பூட்டறாங்க. படிக்கப் போக விடல. வீட்டு வேலை எல்லாம் நான்தான். சீக்கிரம் யார்கிட்டயாவது சொல்லு."

வீட்டுக்காரம்மாவின் சிரிப்பு நின்றது. "என்ன சொல்றா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

ஃபெலிக்ஸின் கையை நகம் பதிய இறுக்கிக்கொண்டு, ஆக்னஸ் சிரித்தபடி தெலுங்கிலேயே பதில் சொன்னாள்.

"ஒண்ணுமில்லம்மா, அங்கேயே இருந்தா தமிழ் மறந்துடுமோன்னு பயப்படுறா."