கவிஞருடைய அந்தப் பெண்

கவிஞரின் காதலி எப்போது செத்தாள் என்று கவிஞரின் மனைவியிடமே கேட்கத் தனித் துணிச்சல் வேண்டும். இலக்கிய ஆய்வாளருக்கு அது தாராளமாகவே இருந்தது.

கவிஞர் போய் நாலு வருடம். துப்புத் துலக்க வந்தவர்களில் இவர் மூன்றாவது. அந்த அம்மாள் வீங்கிய கால்களை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு கொட்டாவியை அடக்கினார். முப்பது வருடம் நின்று நின்றே ஓய்ந்த கால்கள்.

"போன தடவை வந்தவரு அந்தப் பொண்ணு பாட்டு டீச்சர்னாரு. நீங்க யாருங்கறீங்க?"

"பேர் தெரியலம்மா. ஆனா செத்துட்டாங்கன்னு நிரூபிச்சிட்டேன்!" ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "'அந்தியில் போனவளே, உன் விரலின் மருந்து வாசம் என் தலையணையில்'னு எழுதியிருக்காரு. எழுதின வருஷம் ஊர் பூரா விஷக்காய்ச்சல். காலத்தோட சேர்த்துப் படிச்சாத்தான் கவிதை பிடிபடும். ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பல. அவ்வளவுதான்."

கவிஞர் எந்தக் கடையில் பேனா வாங்கினார் என்பதுவரை ஆய்வேட்டில் இருந்தது. மனைவியைப் பற்றி 'மணமானவர்' என்று ஒரே ஒரு சொல். எதிரே இருப்பவரிடம் 'நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?' என்று கேட்டால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா என்ன?

"குடும்பத்து சம்மதம் இருந்தா புத்தகமா வந்துடும். இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'கவிஞர் வாழ்நாள் முழுதும் நேசித்தது மறைந்த அந்தப் பெண்ணை மட்டுமே.'

"மட்டுமேவா?"

"மன்னிச்சுக்கங்கம்மா. உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

"அப்ப நான் யாரு தம்பி?"

"நீங்க... குடும்பத்தைப் பாத்துக்கிட்டீங்க."

பேனாவைத் திறந்த அம்மாள் மறுபடி மூடினார். இதை விளக்கிச் சொல்லவும் அலுப்பாக இருந்தது போல.

"அந்தக் காய்ச்சல் வருஷம் ராத்திரியானா இந்த வீட்ல அவரும் கைக்குழந்தையும்தான். ஒரு கையில தொட்டில் கயிறு, ஒரு கையில பேனா. அப்படித்தான் எழுதினாரு."

ஆய்வாளர் வேகவேகமாகக் குறித்துக்கொண்டார். பாதியில் கை நின்றது. வந்ததிலிருந்து முதல்முறையாக அந்த அம்மாளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப நீங்க எங்கம்மா போயிருந்தீங்க?"

கையெழுத்து விழாத தாள் ஆய்வாளரின் மடிக்கே திரும்பி வந்தது.

"வார்டுல, நைட் டூட்டிக்கு. அந்த நர்ஸ் சாகல தம்பி, ரிட்டயர்தான் ஆயிருக்கா."