சிவப்புச் சீட்டு

"உண்மையைச் சொல்லு தர்மினி. ஆளைப் பார்த்து நீயே பொறுக்கிப் போட்டியா?"

போனில் பேராசிரியர் திவாகரன் கத்தவில்லை. அதுதான் தர்மினிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இல்ல சார். குலுக்கல்தான். எல்லாரும் அவங்க கையாலயே சீட்டு எடுத்தாங்க."

"குலுக்கல்ல இப்படியா விழும்? தனியாக் கெடந்து வாடறவங்க எல்லாம் சிவப்பு, நல்லா இருக்கறவங்க எல்லாம் வெள்ளை. ஆரம்பத்துலயே ரெண்டு குழுவும் ஒண்ணு போல இல்லன்னா எதை எதோட ஒப்பிடுவ? திங்கக்கிழமை காரணத்தோட வா. இல்லன்னா முதல்லேருந்து செய்யணும்."

முதலிலிருந்து என்றால் இன்னொரு வருஷம். உபகாரச் சம்பளமோ இந்த வருஷத்தோடு முடிகிறது. தர்மினிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆராய்ச்சி சின்னதுதான். சுவா பக்கம் ரப்பர் தோட்டத்தை மூடியதும் செனாவாங் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டவர்களில் பாதிப் பேர் சனிக்கிழமைதோறும் மண்டபத்தில் கூடிப் பழைய கதை பேசவேண்டும். மீதிப் பேர் காத்திருக்கவேண்டும். பேசியவர்களுக்குத் தனிமை குறைகிறதா என்று பார்ப்பாள். சிவப்புச் சீட்டு வந்தால் கூட்டம், வெள்ளை வந்தால் காத்திருப்பு. சீட்டு எடுத்த பிறகு, பேர் போடாமல் நிறத்தை மட்டும் குறித்து, இப்போது தனிமை எவ்வளவு என்று கேட்கும் ஒரு கேள்வித்தாள்.

ஆள் குறைந்ததால், அந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணியின் மனைவியான தன் அம்மா கமலாதேவியையும் சேர்த்துக்கொண்டாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவும் சும்மாதானே இருக்கிறார். அம்மாவுக்குச் சிவப்பு.

கூட்டம் அமர்க்களமாக நடந்தது. விடியுமுன் இருட்டில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்றது, மழை வந்து ரப்பர் பாலெல்லாம் மரத்தில் கட்டிய மங்கிலிருந்து வழிந்தோடியது, திடலில் திரை கட்டிப் படம் போட்டது, திரைக்குப் பின்னால் உட்கார்ந்ததால் இடம் வலம் மாறிப் படத்து வீரன் இடக்கையால் வாள் சுழற்றுவதைப் பார்த்தது. சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"தர்மினி, இன்னைக்குக் கூட்டத்துல என்ன ஆச்சு தெரியுமா..." என்று அம்மா அறைக்கதவைத் தட்டும்போதெல்லாம், "அப்புறம்மா, வேலையா இருக்கேன்" என்பாள் ஆராய்ச்சிக்காரி.

போனை வைத்ததும், பக்கத்து வீட்டுத் தனலெட்சுமியிடம் ஓடினாள். குலுக்கல் அன்று சீட்டு போட்ட பிஸ்கட் டின்னைப் பிடித்திருந்தவர் அவர்தான்.

"ஆன்ட்டி, அன்னைக்கு யாராவது ஏமாத்தினாங்களா?"

"ஏமாத்தல லா. மாத்திக்கிட்டோம்."

"மாத்திக்கிட்டீங்களா!"

"நீ தாள் எடுக்கக் காருக்குப் போனல்ல, அப்ப. சன்னாசி அண்ணனுக்கு வெள்ளை. பொண்டாட்டி போனதுலேருந்து வாயத் தொறக்காத மனுஷன். அவரப் போய்க் காத்திருன்னா? தாயம்மா தன்னோட சிவப்பக் குடுத்துட்டா. அதப் பாத்து ஒவ்வொருத்தரா மாத்திக்கிட்டோம். லயத்து வீடுங்களுக்கெல்லாம் பொதுவான கொழாயில தண்ணி புடிக்கிறப்ப கைப்புள்ளக்காரிய முன்னால விடுவோமே, அது மாதிரிதான்."

"என் படிப்பே போச்சு ஆன்ட்டி! பாவம் பாக்க உங்களுக்கு வேற இடமே கெடைக்கலையா?"

தனலெட்சுமியின் முகம் வாடிப்போனது.

"தெரியாம செஞ்சிட்டோம் புள்ள. ஒங்க சார்கிட்ட நானே வந்து சொல்றேன்."

தர்மினி கொஞ்சம் அடங்கினாள். நடந்ததை முழுசாகக் கேட்டுக்கொண்டு போனால் சாரிடம் சொல்லவாவது ஏதாவது இருக்கும்.

"ஒங்களுக்கு என்ன சீட்டு வந்துச்சு?"

"சிவப்பு."

"அத யாருக்குக் குடுத்தீங்க?"

தனலெட்சுமி தயங்கினார். தோட்டத்தில் இருந்தவரை கிராணி வீட்டுப் படி ஏறாதவர் அவர்.

"கிராணியம்மாவுக்கு. ஒங்க அம்மாவுக்குத்தான். டிவியில செய்தி வாசிக்கிறவன் வணக்கம் சொன்னா, அவனுக்குப் பதில் வணக்கம் சொல்லிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க புள்ள. வீட்டுல வேற யாரு அவங்ககிட்டப் பேசறா?"